சோத்தாங்கை

கோவிச்சுக்காதீங்க அம்மிணி, அந்தக் கையைச் சொறியறதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். கொசு கடிச்சது உங்களை, அரிக்கறது எனக்கு. சிரிக்காதீங்க, நிசமாத்தான் சொல்றேன். நீங்க அங்க நகத்தை வெச்சா எனக்கு இங்க பரபரன்னு வருது. தேங்காய் எண்ணெய் இருக்குது பையில, தரட்டுங்களா? தடவிக்கங்க. நீங்க தடவிக்கிட்டா எனக்கும் அடங்கிரும்.

அதனாலதான் சேரைத் திருப்பிப் போட்டு இப்படிச் சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கேன். நீங்க வந்தப்போ பாத்தேனே, இந்தம்மா ஏன் பள்ளிக்கூடத்துல தண்டனை வாங்கின மாதிரி உக்காந்திருக்குதுன்னு ஒரு மாதிரி பாத்தீங்க. எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க? இந்த ஆஸ்பத்திரியில வலி எடுத்தவங்களை வராந்தாவுல நடக்கச் சொல்றாங்க. காலையில ஒரு பொண்ணு, பச்சை நைட்டி, இடுப்பைப் புடிச்சுட்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துச்சு. அது ஒரு தடவை நின்னு கம்பியைப் புடிச்சுது பாருங்க, எனக்கு அடிவயிறு கழண்டு விழுந்த மாதிரி ஆகிப்போச்சு. பெத்து முடிச்சு எத்தனை காலமாச்சு எனக்கு. மறுபடியும் பெக்கோணும்னு என்ன தலையெழுத்து? அதான் சுவரு. சுவருக்கு வலிக்காது. சுவத்துல ஒட்டியிருக்கற அந்தப் படத்துல இருக்கற குழந்தையும் பரவால்லை, அதை யாரும் தொடலை.

உங்களுக்கு யாரு உள்ள, அக்காவா? சரி சரி. நல்லபடியா ஆகும்.

எனக்கு உள்ள இருக்கறது என்ற பொண்ணு. இந்துமதி. ஒரே பொண்ணு, தலைப்பிரசவம். அப்பறம் ஏன் வெளிய உக்காந்திருக்கறீங்கன்னு கேக்கத் தோணுதில்ல? கேளுங்க. காலையிலிருந்து யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் இருக்கேன்.

கூட ஒருத்தர் வரலாம்னு நர்ஸம்மா சொல்லுச்சு. நான் எந்திரிச்சு முந்தானையை இழுத்துச் சொருகிட்டேன். பெத்தவ போகாம யாரு போவா? இந்து அந்தத் தள்ளுவண்டியில படுத்துட்டு என்ற மூஞ்சியைக்கூடப் பாக்காம சொல்றா. "அத்தை வரட்டும். எங்கம்மாவை மட்டும் உள்ள விட்டுராதீங்க சிஸ்டர்." விட்டுராதீங்கன்னா என்ன அர்த்தம் அம்மிணி? நாயைச் சொல்றதுதானே அப்படி. மாப்பிள்ளை கேட்டுட்டு நிக்கறாரு, வாட்ச்மேன் கேட்டுட்டு நிக்கறான். சம்பந்தியம்மா தலையைக் குனிஞ்சுட்டு அவ பின்னாலயே போயிட்டாங்க. உள்ள தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டுச்சு எனக்கு.

இது இன்னைக்கு ஆரம்பிச்சதில்லைங்க. உங்களுக்கு எந்த ஊரு, இந்தப் பக்கந்தானா? அப்பக் கட்டுச்சோறு தெரியும். மாசமா இருக்கற பொண்ணுக்குத் தாய் வீட்டுலிருந்து சோறு கட்டிக் கொண்டுபோய், சொந்தக்காரங்க ஒரம்பரையெல்லாம் உக்கார வெச்சு விருந்து போட்டு, பொண்ணைக் கையோட கூட்டிட்டு வர்றது. எந்த வீட்டுலயும் அப்படித்தான். நானும் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறுன்னு விடியறதுக்குள்ள கிளறிப் பெரிய பெரிய போசிப் பாத்திரத்துல கட்டி, வேன் வெச்சுப் போனேன். எல்லாரும் தின்னாங்க, நல்லா இருக்குதுன்னாங்க. வளையல் போட்டாச்சு, பொட்டு வெச்சாச்சு. கிளம்பற நேரத்துல வேன் கதவைப் புடிச்சுட்டு நிக்கறா. "நான் வரலைம்மா. இங்கயே பெத்துக்கறேன்." ஏன்டின்னா, "உனக்குத் தாங்காதும்மா"ங்கறா. எனக்கென்னடி தாங்காதுங்கறது, பெக்கப்போறது நீயா நானா? போசியெல்லாம் காலியா திரும்பி வந்துச்சு. பொண்ணு வரலை. வேன்ல வந்த ஒரம்பரை ஊரு வந்து சேர்ற வரைக்கும் என்ற மூஞ்சியையே பாத்துட்டு வந்தாங்க. வாய் விட்டுக் கேட்டிருந்தாக்கூடத் தேவலை.

தாய் வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு வராத பொண்ணுன்னா வெளிய என்ன நினைப்பாங்க? அங்க சோறு தண்ணி இல்லைம்பாங்க. இல்லாட்டி அம்மாக்காரி ஒரு மாதிரின்னு சொல்லுவாங்க. நான் ஒரு மாதிரியா அம்மிணி? நீங்களே சொல்லுங்க.

இந்தத் தொந்தரவு எனக்குச் சின்னதுலிருந்தே இருக்குது. எல்லாருக்கும் இப்படித்தான்னு நினைச்சுட்டு இருந்தேன். பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஒருத்தனை அடிச்சா எனக்குக் கை எரியும். அவன் அழறதுக்கு முந்தி நான் அழுவேன். கோயில் நோம்பியில அலகு குத்திட்டு வர்றப்போ எங்கம்மா என்ற மூஞ்சியை அவ சீலைக்குள்ள புதைச்சுக்குவா. கலியாணம் ஆன பொறகுதான் கோயமுத்தூர்ல ஒரு நரம்பு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. அவரு அங்க வேலை செய்யற ஒரு பொண்ணை எனக்கு நேரா எதுக்கால உக்கார வெச்சு, அது கன்னத்துல ஒரு பிரஷால தடவறாரு, எனக்கு எங்க தெரியுதுன்னு கேக்கறாரு. அதுக்குப் பீச்சாங்கைப் பக்கம் தடவினா எனக்குச் சோத்தாங்கைப் பக்கம் வருது. கண்ணாடியில பாக்கறோமில்ல, அந்தக் கணக்கு. அவருக்குச் சந்தோஷம் தாங்கலை. இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினாரு. எனக்குக் கன்னம் கூசுனதுதான் மிச்சம்.

அப்பறம் விளக்கம் சொன்னாரு. யாரு மேல எது பட்டாலும் அதைப் பாக்கறவங்க மூளையும் கொஞ்சம் பட்ட மாதிரியே ஆடுமாம். எல்லாருக்குமே ஆடுமாம், உங்களுக்குந்தான். ஆனா இது நம்ம உடம்பு இல்லைன்னு உள்ளுக்குள்ள ஒரு தாழ்ப்பாள் விழுந்துருமாம். "உங்களுக்கு அந்தத் தாழ்ப்பாள் சரியா விழறதில்லைங்கம்மா." மருந்து குடுங்கன்னேன். மருந்து இல்லையாம். "பாக்காம இருந்துக்கங்க, கண்ணுல படலைன்னா ஒண்ணும் ஆகாது"ன்னு அனுப்பி வெச்சுட்டாரு. பீசு மட்டும் வாங்கிட்டாரு.

அதுலிருந்து எங்க வீட்டுல ஒரு வழக்கம். யாருக்கு அடிபட்டாலும் என்ற முன்னாடி வரக்கூடாது. மூடிட்டு வரோணும். தலைவலின்னா நெத்தியைப் புடிக்கக் கூடாது, கால் நொண்டினா அடுத்த ரூமுல நொண்டிக்கோணும். இந்துவோட அப்பா மாவு மில்லு வெச்சிருக்காரு. ஒரு தடவை பெல்ட்டுல விரலு மாட்டிச் சதை கிழிஞ்சு போச்சு. மனுசன் துண்டைச் சுத்திட்டு அப்படியே பக்கத்துக் கடைக்காரரு வண்டியில ஏறிப் போயிட்டாரு. சொல்லவேயில்லை. நான் விவரம் தெரியாம கூட்ட விளக்குமாத்தை எடுத்துட்டு மில்லுக்குள்ள போறேன், மாவெல்லாம் ரத்தம். வாசலுக்கு ஓடினா வண்டி அப்பத்தான் கிளம்புது, அந்தத் துண்டு நழுவினதை வேற பாத்துட்டேன். படுத்தவதான், நாலஞ்சு நாள் எந்திரிக்க முடியலை. அவருக்கு ஆஸ்பத்திரியில தையல் போட்டாங்க, மாத்திரை குடுத்தாங்க. எனக்கு யாரு போட்டா? அவருதான் ஒத்தைக் கையில ரசம் வெச்சுக் கொண்டாந்து குடுத்தாரு. உப்பே இல்லை. ஒரு வாய் குடிச்சுட்டு வெச்சுட்டேன்.

என்ற பாட்டை யாரு நினைச்சுப் பாத்தாங்க சொல்லுங்க. வலிக்கறவனுக்குச் சொல்லிக்க இடமிருக்குது. பாத்து வலிக்கறவளுக்கு என்ன இருக்குது?

ஆனா ஒண்ணு சொல்லோணும். இந்து இருக்கறாளே, அவளால எனக்கு ஒரு நாளும் ஒரு வலியும் வந்ததில்லை. நிசமா. கைக்குழந்தையா இருக்கறப்போ வந்திருக்கும், ஆனா காது குத்தறப்போ நான் வீட்டுப் பின்னால பொடக்காலியில போய் உக்காந்துக்கிட்டேன், அவ மாமன் மடியில வெச்சுக் குத்தினாங்க. தடுப்பூசிக்கு அவங்கப்பா. அப்பறம் நடக்க, ஓட, விவரம் தெரிஞ்ச பொறகு, ஒண்ணுமே இல்லை. மத்தவங்க புள்ளைங்க எல்லாம் விழுந்து எந்திரிச்சா அம்மான்னு கத்திட்டு வருது. இவ கத்த மாட்டா. பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வருவா, அவ்வளவுதான். மாசா மாசம் வர்றதுக்குக்கூட ஒரு நாள் சுருண்டு படுத்து நான் பாத்ததில்லை. போர்வையைத் தலையோட இழுத்துப் போத்திட்டுத் தூங்குவா. நல்ல தூக்கக்காரி. சில பேருக்கு உடம்பு அப்படி, வலியே தெரியாது. கல்லு மாதிரி.

நம்ப மாட்டீங்க, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எட்டாவது படிக்கறப்போ சைக்கிள்ல விழுந்திருக்கா. எனக்குத் தெரியாது. சாயந்தரம் உக்காந்து பீச்சாங்கையில தின்னுட்டு இருக்கா. துப்பட்டாவை எடுத்துச் சோத்தாங்கை மேல போட்டுட்டு, பீச்சாங்கையில தோசையைப் பிக்கறா. எனக்கு வந்துச்சே கோவம். என்னடி பழக்கம் இதுன்னு பீச்சாங்கை மேல ஒண்ணு போட்டேன், சோத்தாங்கையில தின்னுடின்னு. உடனே மாத்திக்கிட்டா. சோத்தாங்கையில பிச்சு, சட்னியில தொட்டு, கடைசி விள்ளல் வரைக்கும் தின்னா. நான் எதுக்காலதான் உக்காந்திருக்கேன். மூஞ்சியில ஒரு சுருக்கம் இல்லை. மறுநா டீச்சர் போன் பண்ணி ஆளனுப்பச் சொல்றாங்க, எலும்பு விட்டுப்போயிருக்குதாம். விட்டுப்போன கையில ரெண்டு தோசை தின்னிருக்கா அம்மிணி. எதுக்கால உக்காந்திருந்த எனக்கு ஒரு சுரீர் இல்லை. அப்படின்னா அவளுக்கும் இல்லைன்னுதானே அர்த்தம்? டாக்டர் சொன்ன கணக்கும் அதுதானே?

என்ன, அப்படிப் பாக்கறீங்க? எண்ணெய் தடவினீங்களா? தடவுங்க.

எனக்கு நல்லதும் வரும், அதையும் சொல்லோணும். பஸ் ஸ்டாண்டுல யாராச்சும் குழந்தைக்குத் தலை வாரி விட்டா நின்னு பாத்துட்டு இருப்பேன். சீப்பு என்ற தலையில ஓடும். பஸ்ஸு போனாலும் பரவால்லை, அடுத்த பஸ்ஸுல போயிக்கலாம். இந்தக் கட்டுச்சோத்து அன்னைக்கு இவ மாமியா இவளுக்குத் தலை பின்னிவிட்டாங்க. நான் கதவுகிட்ட நின்னு பாத்தேன். சிக்கு எடுக்கறப்போ இவ, "மெதுவா அத்தை, வலிக்குது"ங்கறா. ஒரு கொஞ்சலு. அவங்க வேரைப் புடிச்சுட்டு மெல்ல எடுக்கறாங்க. எனக்குத் தலையெல்லாம் சுகமா இருந்துச்சு, நெஞ்சு மட்டும் எரிஞ்சுது. வலிக்குதுன்னு சொல்லக்கூடத் தெரியுமா இவளுக்குன்னு இருந்துச்சு. நான் பின்னிவிட்ட காலத்துல ஒரு நாள் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. இவ அந்த வீட்டுக்குப் போயி எத்தனை நாளாச்சு, அதுக்குள்ள அந்தம்மா கெட்டிக்காரியா போயிட்டாங்க. மந்திரம் போட்ட மாதிரி வெச்சிருக்காங்க என்ற பொண்ணை.

இப்ப என்ற நிலைமையைப் பாருங்க. உள்ள போக முடியலை. வீட்டுக்குப் போலாம்னா, பொண்ணு வலியில கிடக்கறப்போ அம்மாக்காரி எந்திரிச்சுப் போயிட்டான்னு ஒரு பேச்சு நிக்கும், அது நான் சாகற வரைக்கும் போகாது. எனக்கும் மனசு வராது. சரி, ஒரு டீயாச்சும் குடிச்சுட்டு வரலாம்னு வெளிய போனேன். கடையில ஒரு ஆளு, முழங்கால்ல பெரிய கட்டு, பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துட்டு நிக்கறான். டீயை வெச்சுட்டு நொண்டிக்கிட்டே திரும்பி வந்தேன். மாப்பிள்ளை கேக்கறாரு, காலுல என்னங்கத்தைன்னு. என்னன்னு சொல்ல? எங்க போனாலும் எதுக்கால யாராச்சும் ஒரு உடம்போட வந்து நிக்கறாங்க. ஜெயில்ல போட்டாக்கூட ஒரு ரூமுதான். எனக்கு அந்த ரூமுக்குள்ள ஊரே இருக்குது. இதெல்லாம் பட்டவ நான். ஆனா பெத்த பொண்ணோட வலி மட்டும் எனக்கு வேண்டாமாம். அதைக் குடுக்க மாட்டாளாம். நான் கேட்டதே அது ஒண்ணுதானே அம்மிணி. அவ கையை நான் புடிச்சுக்கறேன்னுதானே வந்தேன்.

சத்தம் கேக்குதா? யாரோ கத்தறாங்க. இல்லை, இது என்ற பொண்ணு இல்லை. அவ கத்த மாட்டா.

கதவு தொறக்கறாங்க. சம்பந்தியம்மாதான். பிளாஸ்க்கு எடுத்துட்டு வர்றாங்க, சுடுதண்ணிக்குப் போல இருக்குது. ஏனுங்க சம்பந்தியம்மா, என்னாச்சு? இன்னும் இல்லைங்களா? தலை தெரிஞ்சுருச்சா? சரிங்க, சரிங்க. தண்ணி நான் புடிச்சுத் தரட்டுங்களா?

பாருங்க அம்மிணி, இந்த வேக்காட்டுல ஒரு கை முழுக்க முந்தானையைச் சுத்திட்டு நிக்கறாங்க. என்ற பக்கம் திரும்பறதே இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும்.

ஏனுங்க, கையில என்னங்க? ஒண்ணுமில்லைன்னா ஏன் மறைக்கறீங்க? என்னது?

யாரு சொன்னா?

இந்துவா சொன்னா? "அம்மா வெளிய உக்காந்திருப்பாங்க, அவங்க கண்ணுல பட்டுரக் கூடாது, மூடிக்கங்க அத்தை"ன்னா? எப்பச் சொன்னா? இப்பவா? அந்த வலியோடவா இதைச் சொன்னா?

அப்பக் கத்துனது அவதானுங்களா?

எடுங்க. இல்லைங்க, எடுங்க அதை. எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஆகட்டும். துணியை எடுங்க சம்பந்தியம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.

அம்மாடி.

ரத்தம் கன்னிப்போச்சேங்க. நகம் அத்தனையும் அப்படியே பதிஞ்சிருக்குது. உங்களுக்குப் பீச்சாங்கை, எனக்குச் சோத்தாங்கையில வருது. இருங்க, இருங்க. எரியுது. அவ பெருவிரலை எங்க வெச்சிருக்கான்னுகூட எனக்குத் தெரியுது. இத்தனை பலமா இவளுக்கு? அவ எந்தக் கையில புடிச்சா? சொல்லுங்க, எந்தக் கை? சோத்தாங்கையிலதானுங்களா?

சோத்தாங்கையாம் அம்மிணி.

மூடாதீங்க. இன்னும் கொஞ்சம் இருங்க. நான் சுவத்துப் பக்கம் திரும்ப மாட்டேன், நீங்க பயப்படாதீங்க. அழலைங்க, இது சும்மா வருது. என்னையும் உள்ள வரச் சொல்லலாமான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறீங்களா? வேண்டாம்பாளா. ஆமா, வேண்டாம்பா. கேக்காதீங்க, விடுங்க. இப்பப் போய் அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க.

கூப்பிடறாங்க பாருங்க, நீங்க போங்க. தண்ணியை மாப்பிள்ளை கொண்டாந்து குடுப்பாரு. அதே கையை அவகிட்டக் குடுங்க. நல்லா இறுக்கிப் புடிச்சுக்கச் சொல்லுங்க. வாய் விட்டுக் கத்தச் சொல்லுங்க, அம்மா டீக்கடைக்குப் போயிட்டான்னு சொல்லிருங்க. அப்பறம் வெளிய வந்ததும் மறைக்காம எனக்குக் காட்டுங்க. போங்க, போங்க.

தாழ்ப்பாள் போட்டுட்டாங்க.

கொஞ்சம் நகர்ந்துக்கங்க அம்மிணி, சேரை இப்படித் திருப்பிப் போட்டுக்கறேன், கதவு தெரியற மாதிரி. அந்தப் பச்சை நைட்டிப் பொண்ணு மறுபடியும் நடந்து வருது பாருங்க. வரட்டும். நீங்களும் அரிச்சாச் சொறிஞ்சுக்கங்க, என்னை நினைச்சு நிறுத்தாதீங்க. எனக்கு இந்தச் சோத்தாங்கை இப்பக் காலியா இல்லை.